குட்டியோடு திரும்பிய படகு

குட்டி என்ற பெயரைக் கேட்டு யாரோ சின்னப் பெண் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கை மிதிங்க சார், என் உயிரை மிதிக்காதீங்க" என்று அவள் போடும் சத்தத்துக்குப் பயந்தே பாதிப் பேர் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் அண்ணன் வைத்த செல்லப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ரிவர்ஸ் எடுக்கத் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தன் இருந்தா சொல்லுங்க" என்பாள்.

அவளுடைய அண்ணி பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்தாள். நாள் முழுவதும் மெழுகு, பிளாஸ்டர், சின்ன அரம். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள். அண்ணிக்கு இரண்டாவது முறையும் கரு தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் குட்டிதான். துணியைத் துவைத்துப் போட்டாள், தலை வாரிவிட்டாள், பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் காப்பி வாங்கி வரச் சொல்லி வெளியே துரத்தினாள். அதற்குப் பிறகு வீட்டில் குழந்தை பிறக்கவில்லை. அண்ணன், தங்கை, அண்ணி என்று மூன்று பேர் கொண்ட குடும்பமாக அது நிலைத்துப் போனது. குட்டி தனியாகச் சின்ன ஃபிளாட் எடுத்துக்கொண்டாலும் சாப்பாடு பெரும்பாலும் இங்கேதான்.

கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கும் பைத்தியம் குட்டிக்கு எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கோ ஒரு வீடியோவில் பெரிய திருக்கைகள் பறவைகள் போலச் சிறகடித்துப் போவதைப் பார்த்தாள். அடுத்த மாதமே நீச்சல் குளத்தில் நடக்கும் வகுப்பில் தன் பெயரையும் அண்ணியின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணி முதலில் பயந்தாள். பிறகு, தண்ணீருக்கடியில் யாரும் பேச முடியாது என்பதே அவளுக்குப் பிடித்துப்போனது. இருவரும் சோதனையில் தேறினார்கள். கரையோரம் சில முறை இறங்கினார்கள். அப்புறம்தான் குட்டி இந்தப் பயணத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு வாரம் படகிலேயே தங்க வேண்டும். தூரத்துப் பவளத்திட்டுகளுக்குப் போய், காலையும் மாலையும் தண்ணீரில் இறங்க வேண்டும்.

"ஒரு வாரம் நடுக்கடல்ல என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார் அண்ணன். அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்.

"முங்குவோம். எந்திரிப்போம். சாப்பிடுவோம். மறுபடி முங்குவோம்."

"அதை நம்ம வீட்டு பாத்ரூம்லயே பண்ணலாமே."

"உன் பாத்ரூம்ல திருக்கை வராதுண்ணா. கரப்பான்தான் வரும்."

படகில் ஏறிய அன்றே குட்டி எல்லோருக்கும் சிநேகிதியாகிவிட்டாள். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, படகு முழுவதும் அவளுடைய அண்ணியை "அண்ணி" என்றே கூப்பிடத் தொடங்கியது. நரைத்த மீசையோடு இருந்த கேப்டன் கூட. கூட வந்த பயணிகள் பத்துப் பேருக்குள்தான். மனைவியோடு வந்த ஒரு வக்கீல், குழந்தையைத் தூக்குவது போலக் கேமராவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரிந்த ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, இன்னும் சிலர். தண்ணீருக்குள் அழைத்துப் போகும் கைடு முப்பது வயது இருக்கலாம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அண்ணி அதைப் பார்த்ததும் மனதுக்குள் அளவு எடுத்துவிட்டாள்.

அறைகள் கீழே. கட்டில் இரண்டு, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க இடம், கைக்குட்டை அளவு ஜன்னல். எங்கே போனாலும் டீசலும் ஈர ரப்பரும் கலந்த வாசனை. பின்தளத்தில் காற்று டேங்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி, ஒரு கூடை. இறங்கும் முன் கைடு வெள்ளைப் பலகையில் படம் போடுவான். இங்கே சுவர், இங்கே நீரோட்டம், இப்படிப் போய் இப்படி வருவோம். குட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து, "சார், யு டர்ன் எங்க?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

இரண்டாம் நாள் காலை, அறையில் இறுக்கமான ரப்பர் நீச்சலுடுப்போடு மல்லாடிக்கொண்டிருந்த குட்டியிடம் அண்ணி கேட்டாள். "ஏண்டி, மாத்திரை போட்டியா? டப்பா அப்படியே இருக்கு."

குட்டிக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வருடமாகச் சாப்பிட்டு வந்தாள்.

"இங்க இருக்கற வரைக்கும் லீவு விட்டுட்டேன் அண்ணி. அதைப் போட்டா நிமிஷத்துக்கொரு தடவை ஒண்ணுக்கு முட்டுது. இந்த உடுப்பை உரிச்சுட்டுப் போறதுக்குள்ள நான் படகையே நனைச்சுடுவேன்."

"அதுக்காக நிறுத்துவாங்களா?"

"ஒரு வாரந்தானே. ஊருக்குப் போய் ரெண்டு ரெண்டா போட்டுக்கறேன். அண்ணன்கிட்ட வாயத் திறக்காதீங்க, பட்டறையை விட்டுட்டு நீந்தியே வந்துடும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குட்டியின் முதுகில் பாதியில் நின்ற ஜிப்பை ஒரு கையால் சதையை அமுக்கி மறு கையால் இழுத்து மேலே ஏற்றிவிட்டாள். அன்று இரண்டு முறை இறங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. குட்டி மாலையில் மூன்று தட்டு சாப்பிட்டாள். மாத்திரை ஞாபகம் அண்ணிக்கு மறுபடி வரவில்லை.

மறுநாள் காலை நீரோட்டம் கொஞ்சம் பலமாக இருந்தது. கைடு இறங்கும் முன்பே சொல்லியிருந்தான், சுவரை ஒட்டியே வர வேண்டும், எதிர்த்து நீந்தி மூச்சை வீணாக்க வேண்டாம் என்று. தண்ணீருக்குள் அண்ணியும் குட்டியும் எப்போதும் ஜோடி. ஒருவரையொருவர் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கிக் கொஞ்ச நேரத்தில் குட்டி பின்தங்கத் தொடங்கினாள். அண்ணி திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரிலிருந்த ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயிலிருந்து குமிழிகள் ஒழுங்கில்லாமல் வந்தன. சேர்ந்தாற்போல நிறைய, பிறகு ஒன்றுமே இல்லை, மறுபடி நிறைய. இருமுகிறாள் என்று அண்ணிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீருக்கடியில் இருமலுக்குச் சத்தம் கிடையாது.

குட்டி கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாக இருந்தன. அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டேங்கைத் தட்டித் தட்டிக் கைடைக் கூப்பிட்டாள். அவன் ஒரே வீச்சில் வந்து, குட்டியின் காற்றளவைப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. அவன் மேலே போகச் சைகை காட்டினான். மூவரும் சேர்ந்து ஏறத் தொடங்கினார்கள். வழியில் குட்டி அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு இறுக்கமாக யாரும் அண்ணியைப் பிடித்ததில்லை. வெளிச்சம் கூடக் கூட அந்தப் பிடி தளர்ந்தது.

மேலே வந்ததும் குட்டி வாயிலிருந்த குழாயைத் துப்பினாள். "மூச்சு வரல அண்ணி" என்றாள். அவள் வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. ரப்பர் படகு அருகில் வருவதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது.

படகின் பின்தளத்தில் அவளைக் கிடத்தி உடுப்பைக் கத்தரியால் வெட்டினார்கள். கைடு நெஞ்சை அமுக்கினான். ஆக்சிஜன் முகமூடியைக் கேப்டன் பிடித்துக்கொண்டார். கைடு களைத்தபோது சமையல்காரர் வந்து மண்டியிட்டார். அவர் களைத்தபோது மறுபடி கைடு. அண்ணி குட்டியின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சூடு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவள் கையே விறைத்துப் போயிருந்தது. சுற்றிலும் பயணிகள் ஈரத்தோடு நின்றார்கள். யாரோ ஒரு டேங்கின் வால்வைச் சரியாக மூடாததால் அது சீறிக்கொண்டே இருந்தது. கடைசியில் கேப்டன் கைடின் தோளில் கை வைத்தார். அவன் நிறுத்தவில்லை. அவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை வரிசையாக வந்தன. கேப்டன் ரேடியோவில் துறைமுகத்தோடு பேசினார். உடலைக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். கரைக்கு இரண்டு நாள் ஆகும், நடுவில் பவளத்திட்டுகளுக்கு இடையேயான ஒரு வழியில் தண்ணீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் கேப்டன். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அண்ணி, இந்த வெயில்ல வெளியே வெச்சிருக்க முடியாது. எங்ககிட்ட ஒரு குளிர் அறைதான் இருக்கு. சாமானெல்லாம் வைக்கிற இடம். அதைக் காலி பண்ணச் சொல்லவா?"

"சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அடுத்து, அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். மேலே, சுக்கான் இருக்கும் அறையில், கேப்டன் சாட்டிலைட் போனைப் போட்டுக் கொடுத்தார். பேசிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அந்தப் பக்கம் போய்ச் சேரத் தாமதமாகும் என்று சொன்னார். மணி அடித்தது. எடுத்ததும் பட்டறைச் சத்தம் காதில் விழுந்தது. ஏதோ ஒரு மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, நான்தான். குட்டி போயிட்டா."

காத்திருந்தாள்.

"எங்க போயிட்டா?" என்றார் அவர்.

"என்னங்க..."

"கேக்கல. மோட்டார் ஓடுது. சத்தமாச் சொல்லு. படகை விட்டு எங்க போயிட்டா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். படகில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். "செத்துட்டா. குட்டி செத்துட்டா."

தாமதம் வழக்கத்தைவிட நீண்டது. பிறகு அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"எப்படி?" என்றார். அவள் சொன்னாள். மூச்சு வரவில்லை, வாயில் நுரை, எவ்வளவோ பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "மாத்திரை போட்டாளா?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. அந்தத் தாமதத்தில் எத்தனை பொய் வேண்டுமானாலும் யோசித்திருக்கலாம். "போடல" என்றாள். "ஏறின நாள்லேர்ந்தே போடல. எனக்குத் தெரியும்ங்க. எங்கிட்ட சொன்னா. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

பதிலுக்குக் காத்திருந்தாள். இது தாமதமா, அவர் பேசாமல் இருக்கிறாரா என்று தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கடைசியில் கேப்டன் கை நீட்டி வாங்கிப் பார்த்தார். "கட்டாயிடுச்சு அண்ணி" என்றார். மறுபடி மறுபடி போட்டார். கிடைக்கவில்லை. சிறிது நேரம் கழித்துப் படகு நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து ரேடியோவில் சேதி வந்தது. அவரோடு பேசிவிட்டார்கள். துறைமுகத்துக்கு வந்துவிடுவார். வேறு எதுவும் சொன்னாரா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

குளிர் அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து சமையல்காரர் சாமான்களை எடுத்து வெளியே அடுக்கினார். மீன், இறால், கோழி, ஒரு வாரத்துக்கான காய்கறி, பால், வெண்ணெய், பெட்டி பெட்டியாக ஐஸ்கிரீம். சிறிய பிரிட்ஜில் கொள்ளாதது போக மீதியெல்லாம் தளத்தில் வியர்த்துக்கொண்டு கிடந்தது. குட்டியைக் கட்டில் விரிப்பில் சுற்றிக் கொண்டுபோனார்கள். வாசல் குறுகலாக இருந்ததால் திருப்பித் திருப்பிப் பார்த்து, கால்கள் முதலில் போகும்படி உள்ளே நுழைத்தார்கள். கதவை மூடும் முன் அண்ணி உள்ளே போய் அவள் முகத்தைத் துடைத்தாள். நுரை மறுபடி வந்திருந்தது. கதவைச் சாத்தியதும் சாய்ந்து உட்கார அந்தக் கதவே அவளுக்கு இடமாயிற்று.

அன்று மாலை, வீணாகப் போகும் என்பதால் சமையல்காரர் எல்லாவற்றையும் சமைத்துவிட்டார். அவரும் வேறு என்ன செய்வார். மேசை நிறையத் தட்டுகள். பொரித்த மீன், வேகவைத்த இறால், கோழியில் இரண்டு வகை. கல்யாண வீடு போல வாசனை. பயணிகள் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் யாரும் கை வைக்கவில்லை. வக்கீல்தான் ஒரு துண்டு மீனை எடுத்தார். பிறகு எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. பேசாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிறையச் சாப்பிட்டார்கள். எலும்புகள் தட்டில் விழும் சத்தம் கேட்டது.

சமையல்காரர் ஒரு கிண்ணத்தில் ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டு குளிர் அறைக் கதவருகே வந்தார். அண்ணியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "உருகுதும்மா. கொஞ்சமாச்சும் தொண்டையில இறங்கட்டும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு கரண்டி வைத்தாள். இனிப்பாக இருந்தது. கிண்ணம் முழுவதையும் தின்றாள். இன்னும் கொடுத்திருந்தாலும் தின்றிருப்பாள். வெறும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அழுகை வந்தது. சமையல்காரர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் நடுப்பகலில் படகு அந்த வழியின் வாயில் நங்கூரமிட்டது. இரண்டு பக்கமும் திட்டுகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஏறச் சில மணி நேரம் ஆகும். கடல் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. வக்கீலும் கேமராக்காரரும் கேப்டனோடு தாழ்ந்த குரலில் பேசுவதை அண்ணி பார்த்தாள். கேப்டன் தலையை ஆட்டி மறுத்தார். வக்கீல் கையை விரித்து ஏதோ நியாயம் சொன்னார். அவருக்கு முன்பல் இரண்டும் கட்டியவை, நிறம் பொருந்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைடு அவளிடம் வந்தான். குளிர் அறைக் கதவுக்கு முன்னால் இருந்த ஒடுங்கிய இடத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"அண்ணி, இந்த இடத்துலதான் பெரிய திருக்கைங்க வரும். சும்மாதானே நிக்கறோம், ஒரு தடவை இறங்கிட்டு வரலாமான்னு கேக்கறாங்க. கேப்டன் முடியாதுன்னு சொல்லிப் பாத்தாரு. அவங்க ரேடியோவுல ஆபீசோடயே பேச வெச்சுட்டாங்க, ஆபீஸ்லயும் சரின்னுட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு இஷ்டமில்ல. ஆனா நான் மாட்டேன்னா அடுத்த பயணத்துக்கு வேற ஆளை வெச்சுக்குவாங்க." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். நேற்று அமுக்கியதில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. "நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். யாரும் இறங்க மாட்டாங்க."

அண்ணி யோசித்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் மனது முழுவதும் அந்தப் பேசாத போனிலேயே இருந்தது. யார் இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன. "போயிட்டு வாப்பா" என்றாள். "எல்லாரையும் முழுசாக் கூட்டிட்டு வா."

அவர்கள் போன பிறகு படகு அமைதியாகிவிட்டது. குளிர் அறையின் மோட்டார் நின்று நின்று ஓடியது. நிற்கும்போதெல்லாம் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மறுபடி ஓடத் தொடங்கியதும் விடுவாள். அண்ணன் பக்கத்தில் இருந்தால் சத்தத்தை வைத்தே அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் இங்கே இருந்திருந்தால் என்றெல்லாம் மனது ஓடியபோது, இருந்திருந்தால் குட்டி தண்ணீரில் கால் வைத்திருக்க மாட்டாள் என்ற நினைப்பில் போய் முட்டியது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாத்திரையை வாயில் போட்டிருப்பார்.

முதலில் ஏணியில் ஏறி வந்தது அந்தப் புதுப் பெண். முகமூடியைக் கழற்றி, பின்னால் வந்த கணவனைப் பார்த்துச் சிரித்தபடி, "ஐயோ, தலைக்கு மேலயே..." என்று ஆரம்பித்தவள் அண்ணியைக் கண்டாள். சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு உடுப்பைக் கழற்றினார்கள். கேமராக்காரர் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

தலையைத் துவட்டிவிட்டு அந்தப் பெண் தானாகவே வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. நான் போயிருக்கக் கூடாது."

"நான்தானே போகச் சொன்னேன்." பிறகு அண்ணி கேட்டாள். "வந்துச்சா?"

"வந்துச்சு."

"எவ்வளவு பெருசு?"

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு கைகளை விரித்துக் காட்டினாள். போதவில்லை. எழுந்து நின்று, இந்தச் சுவரிலிருந்து அந்தக் கம்பி வரை என்றாள். வயிறு வெள்ளையாக இருந்தது, கீழே படுத்துப் பார்த்தோம், வெயிலையே மறைத்தது, எங்களைச் சட்டையே செய்யாமல் போனது என்று சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் அழத் தொடங்கினாள். அண்ணி அவள் ஈரத் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, "போய் உடம்பைத் துவட்டிக்கோம்மா, ஜுரம் வந்துடும்" என்றாள். அந்தப் பெண் சொன்னது குட்டிக்குக் கேட்டிருக்குமா என்று ஒரு கணம் யோசித்தாள். நடுவில் கதவு கனமாக இருந்தது.

துறைமுகத்தை அடைந்தபோது விடிந்து வெகு நேரமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் நின்றது, போலீஸ்காரர் ஒருவர் நின்றார், அவர்களுக்கு அப்பால் பட்டறைச் சட்டையோடே அண்ணன் நின்றார். அதைக் கூட மாற்றாமல் வந்திருக்கிறார். பயணிகளை முதலில் இறக்கினார்கள். ஒவ்வொருவரும் அவரைக் கடக்கும்போது நடையைக் குறைத்து, பிறகு வேகமாகப் போனார்கள். அண்ணி இறங்கி அவர் எதிரே போய் நின்றாள். சொல்ல எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"எங்க இருக்கா?" என்றார்.

"உள்ள. குளிர் ரூம்ல."

அவர் படகில் ஏறினார். குளிர் அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. தூக்கிக்கொண்டு வரும்போது தலைப்பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம். "நீ வீட்டுக்குப் போ" என்றார் அவளைப் பார்க்காமல். "நான் அவகூடப் போறேன்."

அறுத்துப் பார்த்த டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. கடல் தண்ணீர் இல்லை, உடம்பிலேயே ஊறியது. ஆழத்தில் சிலருக்கு இப்படி ஆகும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

"மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தா?" என்று கேட்டார் அண்ணன்.

"வராம இருந்திருக்கலாம். வந்தும் இருக்கலாம். அதை யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டாக்டரின் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, குட்டியின் ஃபிளாட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். அன்று இரவு திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. பட்டறைக்கு அங்கிருந்தே போய் வந்தார். போன் செய்தால் எடுப்பார். சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்பார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். லேபில் அவள் இரண்டு முறை அச்சைத் தவறாக வார்த்தாள். முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொருத்தியிடம் கொடுத்தாள். வீட்டில் சோறு வடிக்கும்போது கை பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி போட்டுவிடும். மறுநாளும் அதையே சாப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கிளம்பிப் போனாள். கதவு தாழிடாமல் இருந்தது. அட்டைப் பெட்டிகள் மடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தன. ஒன்றைக்கூட அவர் விரிக்கவில்லை. எதுவும் இடம் மாறவில்லை. நாற்காலியின் மேல் குட்டியின் துண்டு, பயணம் கிளம்பிய அன்று காலை அவள் உதறிப் போட்டபடியே. அவர் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெட்டியை விரித்து, அடியில் டேப் ஒட்டி, சமையலறையிலிருந்து தொடங்கினாள். பாத்திரங்களைத் தாளில் சுற்றினாள். டப்பாக்களில் மிச்சம் இருந்ததைக் கொட்டிக் கழுவினாள். வெகு நேரம் கழித்து அவர் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"நீ சொல்லியிருந்தா இறங்கியிருக்க மாட்டா" என்றார்.

அண்ணி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மாட்டா" என்றாள்.

"நான் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டா. என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கா அவ? எதுக்கெடுத்தாலும் அண்ணி. அண்ணி சொன்னா சரி, அண்ணி வேணாம்னா வேணாம்." அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பா."

அது உண்மை. அவளுக்கும் தெரியும். அதை மறுக்கவோ, அழுது அதிலிருந்து தப்பித்துக்கொள்ளவோ அவளுக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு பெட்டியை விரித்தார். டேப்பின் முனை கிடைக்காமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கி, முனையைப் பல்லால் கிழித்து எடுத்துக் கொடுத்தாள்.

"துணி அலமாரியைத் தொடாதே" என்றார். "அதை நான் பாத்துக்கறேன்."

"சரிங்க."

மதியத்துக்குள் சமையலறை காலியாகிவிட்டது. அவர் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் இரண்டாவதைத் தூக்கினாள். கனமாக இருந்தது. வழியில் ஒரு படியில் வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினாள்.